காரல் மீனின் தொண்டையில் ஒரு விளக்கு

காரல் ஆய்வது பொறுமை கேட்கிற வேலை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சின்ன மீன், கையில் நிற்காத வழவழப்பு, மேல்துடுப்பில் குத்தும் முள். தலைக்குக் கீழே ஒரு கீறு, கட்டைவிரலால் ஒரு இழுப்பு. செவுளும் குடலும் ஒன்றாக வந்துவிடும். அதைப் பூனைக்குப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்போம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று அம்மா இந்த மீனைத் தேடித்தேடி வாங்குவார். யாழ்ப்பாணத்தில் இதைச் சொதி வைப்பார்கள். எங்கள் வீட்டில் குழம்பு, மிஞ்சினால் கருவாடு. மலிவான மீன் என்பதால் பெரிதாக யாரும் கவனிப்பதில்லை. பூனைக்குப் போன அந்தக் குடலோடு ஒரு விளக்கும் போயிருக்கிறது என்று எனக்குத் தெரிய வந்தபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது.

விளக்கு என்று உவமைக்காகச் சொல்லவில்லை. காரலின் உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்தில், குழாயைச் சுற்றி மோதிரம் போட்டதுபோல் ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் மெல்லிய குழல்கள். குழல்கள் நிறைய ஒளிரும் பாக்டீரியா. மீன் உயிரோடு இருக்கும்வரை அந்த வளையம் இரவு பகல் பாராமல் நீல ஒளி விட்டுக்கொண்டே இருக்கும்.

ஒளிரும் மீன் என்றாலே நமக்கு நினைவுக்கு வருவது, நெற்றியில் தூண்டிலோடு வாயைப் பிளந்து நிற்கும் ஆழ்கடல் மீன்தான். பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் சில பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறு அடி) ஆழமே உள்ள தண்ணீரில், நாள்தோறும் கூடைகூடையாக வலையில் ஏறும் மீனும் அதே கூட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே இந்த விஷயத்தைக் காரலிலிருந்தே தொடங்குவதுதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது.

முதலில் பெயரைப் பார்த்துவிடுவோம். ஓர் உயிர் தன் உடம்பில் நடக்கும் வேதிவினையால் தானே வெளிச்சம் உண்டாக்கினால் அது உயிரொளிர்வு. மின்மினிப்பூச்சி செய்வது அதுதான். வஞ்சிரத்தின் தோல் வெயிலில் பளபளப்பது உயிரொளிர்வு ஆகாது. அது சூரியன் தந்த வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. நீல விளக்கடியில் பச்சையாகத் தெரியும் பவளமும் இதில் சேராது. விளக்கை அணைத்தால் அதுவும் அணைந்துவிடும். முழு இருட்டில், வெளியிலிருந்து ஒரு துளி வெளிச்சம்கூட வராதபோதும் ஒளிர்கிறதா என்பதே கேள்வி. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக மின்னியதைப் பார்க்க ஜனங்கள் திருவான்மியூர்ப் பக்கம் திரண்டார்களே, அது உயிரொளிர்வுதான். ஆனால் மினுக்கியது மீன் அல்ல. நாக்டிலூகா என்ற ஒற்றைச்செல் உயிர். அலை புரட்டிப்போடும்போது பளிச்சென்று ஒளிர்ந்து அடங்கும்.

இந்த வெளிச்சம் எப்படி உண்டாகிறது? அகல்விளக்கை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் வேண்டும், திரி வேண்டும், காற்று வேண்டும். உயிரொளிர்வில் எண்ணெயின் இடத்தில் லூசிஃபெரின் என்ற பொருள். அது ஆக்சிஜனோடு சேரும்போது ஆற்றல் வெளிப்படுகிறது. அப்படிச் சேர்த்துவைக்கும் நொதி லூசிஃபெரேஸ். அகலில் பெரும்பகுதி சூடாகப் போய்விடும். இங்கே சூடு அநேகமாக இல்லை, வெளிச்சம் மட்டுமே. கோயில் திருவிழாக் கடைகளில் பிள்ளைகள் வாங்கும், வளைத்து ஒடித்தால் ஒளிரும் குச்சியும் இதே மாதிரியான குளிர் ஒளிதான். அதில் பொருள்கள் வேறு, வழி ஒன்று.

எண்ணெயும் திரியும் வேறுவேறு பொருள்கள் என்று கண்டுபிடித்தவர் ரஃபேல் துபுவா என்ற பிரெஞ்சுக்காரர். 1880-களில் ஒளிரும் வண்டிலும், பிறகு பாறையைத் துளைத்து வாழும் ஒரு சிப்பியிலும் அவர் செய்த சோதனை அவ்வளவு எளிமையானது, அடுப்பங்கரையிலேயே செய்திருக்கலாம். ஒளிரும் உறுப்பைக் குளிர்ந்த நீரில் அரைத்தார். கரைசல் சற்று நேரம் ஒளிர்ந்து அணைந்தது. இன்னொரு உறுப்பைச் சூடான நீரில் போட்டார், அதுவும் அணைந்துபோனது. இப்போது அணைந்த இரண்டையும் ஒன்றாக ஊற்றினார். வெளிச்சம் திரும்பி வந்தது. குளிர்நீரில் லூசிஃபெரின் தீர்ந்து நொதி மட்டும் மிஞ்சியிருந்தது. சூடான நீரில் நொதி வெந்துபோய் லூசிஃபெரின் மிஞ்சியிருந்தது. ஒன்றில் இல்லாததை மற்றது தந்தது. அறிவியல் வரலாற்றில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு தெளிவான விடை தந்த சோதனைகள் குறைவு. காற்று வேண்டும் என்பது அதற்கும் முன்பே தெரிந்திருந்தது: 1668-இல் இராபர்ட் பாயில், இருட்டில் ஒளிரும் மீனையும் மட்கிய மரத்தையும் கண்ணாடிக் கலத்தில் வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்தார். வெளிச்சம் மங்கியது. காற்றை உள்ளே விட்டதும் மீண்டது.

சில மீன்கள் இந்தப் பொருள்களைத் தம் உடம்பிலேயே வைத்துக்கொண்டு தாமே ஒளிர்கின்றன. காரல் போன்றவை பாக்டீரியாவைக் குடிவைத்து அதன் வெளிச்சத்தில் பிழைக்கின்றன. ஏதோ ஒருமுறை தற்செயலாக நேர்ந்த விஷயம் என்று எண்ண வேண்டாம். 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, கடலில் வாழும் எலும்பு மீன்களில் மட்டும் இந்தத் திறன் தனித்தனியாக 27 முறை தோன்றியிருப்பதாகக் கணக்கிட்டது. ஒளிரும் மீன் இனங்கள் ஏறக்குறைய 1,500. கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் 17 ஆண்டுகள் எடுத்த காணொளிகளை வைத்து எண்ணியபோது, நடுக்கடல் நீரில் கண்ணில் பட்ட உயிர்களில் நூற்றுக்கு 76 ஒளிரக்கூடியவை என்று தெரிந்தது. மீன், சொறி (ஜெல்லிமீன்), இறால், கணவாய் எல்லாம் சேர்த்து. தரையில் மின்மினி அபூர்வம். கடலில் மின்னாததுதான் சிறுபான்மை.

இந்த வெளிச்சம் பெரும்பாலும் நீலம். தண்ணீர் சிவப்பை முதலில் விழுங்கிவிடும். நீலம்தான் நெடுந்தூரம் போகும். யாருக்கும் எட்டாத வெளிச்சத்தை உண்டாக்கி என்ன பயன்? ஆழத்து மீன்களின் கண்களும் நீலத்துக்கே பழகியவை.

இனி காரலுக்குத் திரும்புவோம். அதன் வளையத்தில் இருக்கும் பாக்டீரியாவின் பெயர் ஃபோட்டோபாக்டீரியம் லியோக்னதை. லியோக்னதஸ் என்பது காரலின் அறிவியல் பெயர்களில் ஒன்று. மீனின் பெயரையே குடியிருப்பவருக்கும் வைத்துவிட்டார்கள். காரல் குஞ்சு பொரிந்து வரும்போது இந்தப் பாக்டீரியா அதனிடம் இல்லை. கடல்நீரிலிருந்து தன் வளையத்துக்குள் சேர்த்துக்கொள்கிறது. குடி வந்த பாக்டீரியாவுக்கு மீன் சாப்பாடு போடுகிறது. பெருகி மிஞ்சியவை சிறு துளை வழியாகக் குடலுக்கு இறங்கி, அங்கிருந்து கடலுக்குப் போகின்றன. அடுத்த தலைமுறைக் காரலுக்கு விதை அங்கே கிடைக்கிறது.

பாக்டீரியா ஓயாமல் ஒளிரும், சரி. ஆனால் மீனுக்கு வேண்டியபோது அணைக்கவும் முடிய வேண்டுமே. இங்கேதான் காரலின் உடலமைப்பு என்னை மலைக்க வைக்கிறது. வளையத்தின் வெளிப்புறம் வெளிச்சம் கசியாதபடி மூடியிருக்கிறது. சன்னல் போன்ற திறப்புகள் மட்டும் உண்டு. அவற்றுக்குத் தசையால் ஆன கதவுகள். கதவு திறந்தால் வெளிச்சம் காற்றுப்பையின் பக்கம் பாய்கிறது. காற்றுப்பையின் உட்சுவர் வெள்ளித்தாள் ஒட்டியதுபோல் பளபளக்கும். அதில் பட்ட ஒளி கீழ்நோக்கித் திரும்புகிறது. வயிற்றுப்புறத் தசை பால்வெள்ளைக் கண்ணாடி போல அரைகுறையாக ஒளியை விடுவதால், ஒரு புள்ளியில் பிறந்த வெளிச்சம் வயிறு முழுவதும் பரவி மெல்லிய பிரகாசமாக வெளியே வருகிறது. நம் வீட்டுக் குழல்விளக்குக்கு மேலே வெள்ளைத் தகடு, கீழே மங்கல் மூடி போடுகிறோமே, அந்த ஏற்பாடு முழுக்க ஒரு விரல் நீள மீனுக்குள் இருக்கிறது.

வயிறு ஒளிர்வதால் காரலுக்கு என்ன லாபம்? பகல் நேரத்தில் வற்றிய கிணற்றுக்குள் இறங்கி அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? குறுக்கே பறக்கும் காகம் எந்த நிறமாக இருந்தாலும் கரும்புள்ளியாகத்தான் தெரியும். கடலில் அடியிலிருந்து வேட்டையாடும் மீனுக்கு மேலே நீந்தும் காரலும் அப்படித்தான் தெரியும். மேலிருந்து வரும் வெளிச்சத்தின் அளவுக்கே காரலும் தன் வயிற்றிலிருந்து வெளிச்சம் விட்டால் அந்தக் கரும்புள்ளி கரைந்துவிடும். ஒளிந்துகொள்ள விளக்கேற்றுவது என்பது கேட்கும்போது முரணாக இருக்கும். ஆனால் வெளிச்சமான வானத்துக்கு முன்னால் நிற்பவருக்கு மறைய வேறு வழியில்லை. 1971-இல் ஹேஸ்டிங்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் காரலை வைத்தே இதை எடுத்துச் சொன்னார். கணவாய், இறால், ஆழ்கடல் மீன்கள் என்று எத்தனையோ உயிர்கள் இந்த உத்தியைக் கையாள்கின்றன.

மறைவது பாதிக் கதைதான். மீதிப் பாதி பேச்சு.

பல காரல் இனங்களில் ஆணின் ஒளிவளையம் பெண்ணுடையதைவிடப் பல மடங்கு பெரிது. ஒளிந்துகொள்வதற்கு மட்டும்தான் விளக்கு என்றால் இந்த வேறுபாட்டுக்கு அவசியமே இல்லை. ஆணின் விலாவிலோ துடுப்புக்குப் பின்னாலோ தோல் கண்ணாடிபோல் தெளிந்த ஒரு திட்டும் இருக்கும். அந்த இடத்தில் வெள்ளிநிறப் பூச்சு இருக்காது. ஓர் இனத்தில் அது முக்கோணம், இன்னொன்றில் நீளப் பட்டை. உள்ளே கதவைத் திறந்து மூடும்போது இந்தச் சன்னல் வழியே ஆண் மினுக்கி மினுக்கிக் காட்டுகிறது. கலங்கிய தண்ணீரில், ஒன்றுபோலவே தோன்றும் பல இனக் காரல்கள் கலந்து திரியும் கூட்டத்தில், ‘நான் உன் இனம், நான் ஆண்’ என்று சொல்ல இதைவிட நல்ல வழி ஏது? ஒரு காரல் இனம் கூட்டமாக, ஒரே நேரத்தில், சொல்லிவைத்தாற்போல் மினுக்குவதையும் பதிவு செய்திருக்கிறார்கள். கம்போடு கம்பு சேரும் கோலாட்டம்போல் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

காஸா மினுட்டா என்ற இனம் நம் கடலிலும் உண்டு. மற்றக் காரல்களைவிடப் பெரிய பல் உள்ளது. 1983-இல் மெக்ஃபால்-நகை, டன்லாப் என்ற இருவர் இந்த ஒரு மீன் மட்டும் என்னென்ன விதமாக ஒளிவிடுகிறது என்று எழுதினார்கள். வயிறு மங்கலாக ஒளிர்வது போக, செவுள் மூடியின் பக்கமிருந்து டார்ச் அடித்ததுபோல் கற்றையாக ஒளி பாய்ச்சுகிறது, வயிறு முழுவதையும் பளிச்சென்று மின்ன வைக்கிறது, வாய்க்குள்ளேயும் ஒளியேற்றுகிறது. விளக்கு ஒன்றுதான். எந்தப் பக்கம் திறக்கிறது, எவ்வளவு நேரம் திறக்கிறது என்பதில் பொருள் மாறுகிறது. ஒரே குரலை வைத்துக்கொண்டு தாலாட்டும் பாடலாம், கூப்பாடும் போடலாம் என்பதுபோல.

பேச்சு என்று நான் சொல்வதற்கு இன்னும் வலுவான சாட்சி கண்ணடி விளக்கு மீன்கள். தமிழில் இதற்குப் புழங்கும் பெயர் இல்லாததால் நானாக வைத்துக்கொண்ட பெயர் இது. இதன் ஒவ்வொரு கண்ணுக்கும் கீழே மொச்சைக்கொட்டை அளவிலும் வடிவிலும் ஓர் ஒளியுறுப்பு. செங்கடல் முதல் பசிபிக் தீவுகள் வரை பவளப்பாறைகளில் வாழ்பவை. நிலவில்லா இரவுகளில் மேலேறி வரும். ஃபோட்டோபிளெஃபாரான் என்ற இனத்தில் இமைபோன்ற கருந்தோல் கீழிருந்து எழும்பி விளக்கை மூடுகிறது. அனோமலாப்ஸ் என்ற உறவுக்கார இனம் மூடுவதில்லை; விளக்கையே சுழற்றிக் கன்னத்துப் பைக்குள் தலைகீழாகச் செருகிவிடுகிறது. காரலுக்குக் கதவு, ஒன்றுக்கு இமை, ஒன்றுக்குச் சுழல்அச்சு: அணையாத பாக்டீரியாவை அணைக்க மூன்று மீன்களும் மூன்று வழி கண்டிருக்கின்றன.

1970-களில் செங்கடலின் அகாபா வளைகுடாவில் இரவில் மூழ்கிப் பார்த்தவர்கள் எழுதியதைப் படித்தால், இந்த மீனின் நாளே விளக்கால்தான் நடக்கிறது என்று தெரியும். இரை தேட விளக்கைத் திறந்து வைத்துக்கொள்ளும். எதிரி துரத்தினால் விளக்கைக் காட்டிக்கொண்டு ஒருபக்கம் நீந்தும். சட்டென்று மூடி, இருட்டில் திசை மாறிவிடும். துரத்தியவன் பழைய திசையிலேயே போவான். ஜோடியாக இடம் பிடித்து வாழும் மீன்களின் எல்லைக்குள் வேறொன்று வந்தால், ஜோடியில் ஒன்று விளக்கை மூடிக்கொண்டு மெல்ல நெருங்கி, வந்தவன் முகத்துக்கு நேரே விளக்கைத் திறக்கும். நள்ளிரவில் தோட்டத்துக்குள் நுழைந்தவன் முகத்தில் டார்ச் அடிப்பதற்கும் இதற்கும் நான் வித்தியாசம் பார்க்கவில்லை.

அனோமலாப்ஸ் கூட்டமாக வாழ்வது. இரை இல்லாத நேரத்தில் நிமிடத்துக்கு 90 தடவை அளவுக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். இரை தென்பட்டதும் மினுக்குவதைக் குறைத்து விளக்கைத் திறந்தபடி வைத்துக்கொள்ளும். சாலமன் தீவுகளில் செய்த ஆய்வில், கும்மிருட்டில் நூற்றுக்கணக்கான மீன்கள் ஒன்றாகச் சேர்ந்து நீந்துவதற்கு இந்த மினுக்கலே காரணம் என்று கண்டார்கள். எல்லாம் மினுக்க வேண்டியதில்லை. சில மினுக்கினாலே கூட்டம் கலையாமல் இருக்கிறது. இந்தோனேசியாவின் பண்டா தீவு மீனவர்கள் இதையெல்லாம் ஆய்வாளர்களுக்கு வெகுகாலம் முன்பே தங்கள் வழியில் அறிந்திருந்தார்கள். மீனின் ஒளியுறுப்பை வெட்டித் தூண்டிலில் கோத்து இரையாகப் போடுவார்கள். மீன் செத்த பிறகும் பாக்டீரியா சில மணி நேரம் ஒளிரும்.

ஆழத்துக்கு இறங்கினால் லாந்தர் மீன்கள். சுமார் 250 இனங்கள். பெரும்பாலும் விரல் நீளம். அரபிக்கடலில் இவை ஏராளம். பகலில் பல நூறு மீட்டர் ஆழத்தில் இருந்துவிட்டு, இரவானால் இரைக்காக மேலே வரும். இவற்றின் விலாவில் முத்துப் பதித்தாற்போல் ஒளிப்புள்ளிகள் வரிசையாக இருக்கும். அந்த வரிசை இனத்துக்கு இனம் மாறுகிறது. எந்த இனம் என்று அடையாளம் காண ஆய்வாளர்களே அந்தப் புள்ளிகளைத்தான் எண்ணுகிறார்கள். மீன்களும் அப்படித்தான் அடையாளம் காண்கின்றன என்று எண்ண இடமுண்டு. பல இனங்களில் வாலடியில் ஆணுக்கு மேல்பக்கமும் பெண்ணுக்குக் கீழ்ப்பக்கமும் ஒளிச்சுரப்பி. 2014-இல் வந்த ஒரு ஆய்வு, அடிவயிற்றில் மட்டும் விளக்கு வைத்து ஒளிந்து வாழும் மீன் குலங்களைவிட, தன் இனத்தோடு பேச விளக்கைப் பயன்படுத்தும் குலங்களில் புதுப்புது இனங்கள் வேகமாகப் பிரிந்திருக்கின்றன என்று காட்டியது. மலையும் ஆறும் குறுக்கே இல்லாத நடுக்கடலில் ஓர் இனம் எப்படி இரண்டாகப் பிரியும் என்பது பழைய புதிர். இரண்டு கூட்டங்களின் ஒளி அடையாளம் மாறிப்போனால் ஒன்றையொன்று இனம் காணாது என்பது அதற்கு ஒரு நல்ல விடை.

எல்லாரும் நீலத்தில் பேசும் இடத்தில் ஒருவர் மட்டும் சிவப்பில் பேசினால்? மாலகோஸ்டியஸ் என்ற ஆழ்கடல் மீன் அதைத்தான் செய்கிறது. கண்ணுக்குக் கீழே அதற்கு ஒரு சிவப்பு விளக்கு. அந்தச் சிவப்பு சுற்றியிருக்கும் பெரும்பாலான உயிர்களின் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. மாலகோஸ்டியஸுக்கு மட்டும் தெரிகிறது, அதுவும் வியப்பான வழியில்: பச்சையத்திலிருந்து வந்த ஒரு பொருளைக் கண்ணில் வைத்துக்கொண்டு அதன் துணையால் சிவப்பைப் பார்க்கிறது. இலைக்குப் பச்சை தரும் அதே பொருளின் வழித்தோன்றல், வெயிலே எட்டாத ஆழத்தில் ஒரு மீனுக்குக் கண் கொடுக்கிறது. தான் வெளிச்சம் அடித்தது இரைக்கே தெரியாமல் அது இரையைப் பார்த்துவிடும்.

தூண்டில் மீனைப் பற்றி எல்லாரும் படித்திருப்பார்கள் என்பதால் ஒரு வரி மட்டும்: நெற்றி விளக்கு பெண்ணுக்குத்தான், அதிலும் குடியிருப்பது பாக்டீரியாதான்.

நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழும் போரிக்திஸ் என்ற மீனை. சட்டைப் பொத்தான் வரிசைபோல் உடம்பெங்கும் நூற்றுக்கணக்கான ஒளிப்புள்ளிகள். ஆனால் வடக்கே பியூஜெட் சவுண்ட் என்ற கடல்கழியில் வாழும் இதே மீன்கள் ஒளிர்வதில்லை. உறுப்பு இருக்கிறது, நொதி இருக்கிறது. லூசிஃபெரின் மட்டும் இல்லை. லூசிஃபெரின் உள்ள, விதையளவு சிறிய ஓட்டுயிர் ஒன்றை அவற்றுக்குத் தின்னக் கொடுத்ததும் அந்த மீன்கள் ஒளிரத் தொடங்கின. மற்ற இடத்து மீன்களுக்கும் லூசிஃபெரின் சாப்பாட்டிலிருந்துதான் வருகிறது. எண்ணெய் இல்லாமல் காலமெல்லாம் தொங்கிய விளக்கு, எண்ணெய் ஊற்றியதும் அப்படியே எரிந்திருக்கிறது.

அடுத்த முறை காரல் வாங்கும்போது ஒன்றை மட்டும் அவசரப்படாமல் ஆயுங்கள். வயிற்றைக் கீறிக் குடலை இழுப்பதற்கு முன், முதுகெலும்புக்குக் கீழே காற்றுப்பை தெரியும். சன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தால் வெள்ளித்தாள் போல் மின்னும். உணவுக்குழாயைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே வந்தால் இரைப்பை தொடங்கும் இடத்தில் சின்னத் தடிப்பு விரலில் படும். அதுதான் வளையம். கரைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் விடியலுக்கு முன் வலையிலிருந்து அப்போதுதான் உதறிய மீனை வாங்க முடிந்தால், அந்த வளையத்தைக் கீறி எடுத்து, விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் காத்திருந்து பாருங்கள். பாக்டீரியாவுக்கு இன்னும் உயிர் இருந்தால், விரல்நுனியில் நீலமாக ஒட்டிக்கொள்ளும்.